தங்கம் சொல்லும் சேதாரம்

அத்தைக்கு இரண்டாவது கீமோ ஏறிக்கொண்டிருந்த அன்று நான் துணைக்குப் போயிருந்தேன். மருந்து ஆரஞ்சு கலந்த சிவப்பு. "என்னடா இது, ரஸ்னா மாதிரி இருக்கு?" என்றார். டாக்சோரூபிசின். அதன் நிறமே அதுதான். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று செவிலியர் முதல் தடவையே சொல்லியிருந்தார். அத்தையின் கவலை அது இல்லை. "உள்ள போய் இது வேலை செய்யுதா இல்லையான்னு எப்பத் தெரியும்?" இன்னும் சில தடவை ஏற்றிய பிறகு ஸ்கேன் எடுத்து, கட்டி சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றேன். பதில் பிடிக்கவில்லை. முப்பது வருடமாக உஸ்மான் ரோட்டில் நகை வாங்கி, மாற்றி, அவசரத்துக்கு அடகு வைத்து, மீட்டவர் அவர். "உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்தா மாத்து தெரிஞ்சுடுது. இதுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதா?"

ஆய்வகத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அங்கே உரைகல்லே தங்கம்தான். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது நானும் சில மாதம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அன்று வார்டில் அத்தைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். நம் செல் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத்துக்கு டிஎன்ஏ சுருண்டு கிடக்கிறது. இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய ஏணி; அகலம் வெறும் 2 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். செல் இரண்டாகப் பிரியும்போது இந்த ஏணி முழுவதும் நகலெடுக்கப்பட வேண்டும். நகலெடுக்க முடியாதபடி ஏணியைக் கெடுத்துவிட்டால் செல் பிரியாது, பல நேரம் செத்தும் போகும். ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் புற்றுசெல்லுக்கு இந்த அடி அதிகமாக விழுகிறது. வேகமாகப் பிரியும் வேறு செல்களுக்கும் விழுகிறது: முடியின் வேர், குடலின் உள்பூச்சு, எலும்பு மஜ்ஜை. முடி கொட்டுவதும் வாய்ப்புண்ணும் இதனால்தான். அதாவது இந்த மருந்துகளுக்கு டிஎன்ஏ சேதம் பக்கவிளைவு இல்லை. கொடுப்பதே அதற்காகத்தான்.

சேதம் எல்லாம் ஒரே ரகம் இல்லை. டாக்சோரூபிசின் தட்டையான மூலக்கூறு. ஏணிப் படிகளுக்கு நடுவில் சொருகிக்கொள்ளும். சிஸ்பிளாட்டின் பிளாட்டினம் அடங்கிய மருந்து. 1965-ல் பார்னெட் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மின்புலத்தில் பாக்டீரியாக்கள் எப்படி வளர்கின்றன என்று பார்க்கப்போய், அவை பிரியாமல் நீண்டுகொண்டே போவதைக் கவனித்தார். காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று பிறகு தெரிந்தது. டிஎன்ஏ ஏணியின் படிகள் 'காரங்கள்' எனப்படும் நான்கு வகை மூலக்கூறுகளால் ஆனவை; அவற்றில் ஒன்று குவானின். சிஸ்பிளாட்டின் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குவானின்களைப் பிடித்துக் கட்டிப்போடும். ஏணி அந்த இடத்தில் வளைந்துவிடும். பிளியோமைசின் இன்னொரு வகை. இரும்பையும் ஆக்சிஜனையும் துணைக்கு வைத்துக்கொண்டு இழையையே வெட்டும். ஒன்று சொருகும், ஒன்று கட்டிப்போடும், ஒன்று வெட்டும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இந்தச் சேதத்தைப் பார்க்க ஏற்கெனவே வழிகள் உண்டு. பிரபலமானது 'வால்நட்சத்திரச் சோதனை'. செல்களை ஜெல்லில் பதித்து, சவ்வைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சுவார்கள். உடைந்த டிஎன்ஏ துண்டுகள் மட்டும் இழுபட்டு நகரும். சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் தலையும் வாலுமாக வால்நட்சத்திரம் போலத் தெரியும். வால் பெரிதாக இருந்தால் சேதம் அதிகம். நல்ல சோதனைதான். ஆனால் ஒளிரும் சாயம் வேண்டும், அதற்கேற்ற நுண்ணோக்கி வேண்டும், பழகிய கையும் வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆசைதான் ஆட்களைத் தங்கத்தின் பக்கம் தள்ளியது.

தங்கம் மஞ்சள் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 13 நானோமீட்டர் உருண்டைகளாக நீரில் மிதக்கும் தங்கம் மாதுளை முத்துகளை நசுக்கிய சாறு போல நல்ல சிவப்பு. 1857-ல் மைக்கேல் ஃபாரடே இப்படிச் சிவந்த தங்கக் கரைசல்களைச் செய்து, அந்த நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கத் துகள்கள்தான் என்று சொன்னார். அவருடைய குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றைக்கும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் விழும் இளஞ்சிவப்புக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான அட்டைகளில் அந்தக் கோடு தங்கத் துகள்கள்தான்.

ஏன் சிவப்பு? தங்கத்துக்குள் சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஒளி படும்போது, அவ்வளவு சின்ன உருண்டைக்குள் அவை எல்லாம் ஒன்றுசேர்ந்து ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால்தான் நன்றாக ஆடும் இல்லையா? இந்த உருண்டையின் தாளம் பச்சை ஒளியோடு, ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளத்தோடு, ஒத்துப்போகிறது. பச்சையை உருண்டை விழுங்கிவிடுகிறது. மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பு. இப்போது இரண்டு உருண்டைகளை ஒட்டினாற்போல் கொண்டுவந்தால் ஒன்றின் ஆட்டம் மற்றதை இழுக்கும், தாளம் மந்தமாகும். அவை விழுங்கும் ஒளி ஆரஞ்சு, சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். கரைசல் ஊதாவாகி, நீலமாகிவிடும்.

இந்த விஷயத்தில் புரிந்துகொள்ள வேண்டியது உண்மையில் இது ஒன்றுதான். தங்கத்துக்கு டிஎன்ஏ தெரியாது, புற்றுநோய் தெரியாது, மருந்தும் தெரியாது. பக்கத்தில் இன்னொரு தங்கம் நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா என்பதை மட்டும் அது நிறமாகச் சொல்லும். டிஎன்ஏவில் நடந்த சேதத்தை எப்படியாவது இந்த 'பக்கம், தூரம்' கணக்காக மாற்றுவதில்தான் ஆராய்ச்சியாளர்களின் சாமர்த்தியம் எல்லாம் இருக்கிறது.

துகள்களைச் செய்யும் காட்சி எனக்கு அலுத்ததே இல்லை. தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான ராஜதிராவகத்தில் கழுவிய குடுவையில் மிக இளமஞ்சளான தங்க உப்புக் கரைசலைக் கொதிக்க வைப்போம். கொதி வந்ததும் சோடியம் சிட்ரேட் கரைசலைச் சட்டென்று ஊற்ற வேண்டும். எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலத்தின் உப்புதான் அது. மஞ்சள் முதலில் மறையும், தண்ணீர் போலத் தெளியும். தப்பாகிவிட்டதோ என்று நினைக்கும்போது சாம்பல் நீலம் பரவும், ஊதாவாகும், பத்து நிமிடத்துக்குள் செக்கச்செவேல் என்று நிற்கும். டர்க்கெவிச் என்பவர் 1951-ல் வெளியிட்ட முறை. இதற்கு இன்றுவரை பெரிய மாற்றம் தேவைப்படவில்லை.

சிட்ரேட் இரண்டு வேலை செய்கிறது. தங்க உப்பைத் தங்கமாக்குகிறது. பிறகு ஒவ்வொரு உருண்டை மேலும் போர்வை போலப் படிந்து எதிர்மின்னூட்டம் கொடுக்கிறது. ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும், அதனால் உருண்டைகள் விலகியே மிதக்கும், கரைசல் சிவப்பாகவே இருக்கும். கொஞ்சம் உப்பைப் போட்டுப் பாருங்கள். சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து அந்தத் தள்ளுதலை மழுங்கடித்துவிடும். எலுமிச்சை பிழிந்த பால் போலக் கரைசல் திரிந்து நீலமாகும்.

இதை நான் பாடமாகப் படிக்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் பொறுமையாகச் செய்த சிவப்புக் கரைசலை இன்னொரு குடுவைக்கு மாற்றினேன். மாற்றின சில நொடியில் கரைசல் கறுத்த ஊதா. மறுபடி செய்தேன், மறுபடி ஊதா. மூன்றாவது தடவைதான் சீனியர் அக்கா வந்து, "குடுவையை எதுல அலசின?" என்று கேட்டார். ஆய்வகக் குழாயில். அது கல்லூரி போர்வெல் தண்ணீர். கடலோரச் சென்னையின் போர்வெல் தண்ணீரை வாயில் ஊற்றியவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். அதன் பிறகு அயனி நீக்கிய தண்ணீர் கேனைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

சரி, டிஎன்ஏ இதில் எங்கே வருகிறது? 2004-ல் அமெரிக்காவில் லீ, ராத்பெர்க் என்ற இருவர் எளிமையான ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஒற்றை இழை டிஎன்ஏ நூல் போலத் துவளும், அதன் காரங்கள் வெளியே தெரியும். அவை தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் இழையின் எதிர்மின்னூட்டமும் உருண்டை மேல் கூடுதல் போர்வையாகிவிடும், உப்பைப் போட்டாலும் கரைசல் சிவப்பாகவே நிற்கும். இரட்டை இழை விறைப்பானது, காரங்களை உள்ளே ஒளித்து வைத்திருப்பது. அது தங்கத்தை அணைக்காது. உப்புப் போட்டதும் நீலம். ஒற்றையா, இரட்டையா என்ற கேள்விக்கு ஒரு சிட்டிகை உப்பில் விடை.

இதற்கு முன்னாலேயே, 1996-ல், அமெரிக்க வேதியியலாளர் சாட் மிர்கின் குழுவினர் வேறொரு வழி பிடித்திருந்தார்கள். கந்தகத்துக்குத் தங்கத்தின் மேல் தனிப் பிடிப்பு உண்டு. டிஎன்ஏ துண்டின் நுனியில் கந்தகத்தைக் கோத்து, அந்தத் துண்டுகளைத் தங்க உருண்டைகளில் நட்டார்கள். இந்த உருண்டையின் இழையோடும் அந்த உருண்டையின் இழையோடும் ஜோடி சேரும் மூன்றாவது டிஎன்ஏ துண்டை ஒரு பாலம்போலப் போட்டால் உருண்டைகள் கோத்துக்கொள்ளும், நீலம். சூடாக்கினால் டிஎன்ஏ பிரியும், உருண்டைகள் விலகும், மறுபடி சிவப்பு. சாதாரண டிஎன்ஏ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரியும். தங்கத்தில் கோத்தது சில டிகிரிக்குள் மொத்தமாகக் கழன்றுவிடும். ஆகவே எந்தச் சூட்டில் நிறம் மாறியது என்பதைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளலாம்.

இனி அந்த மூன்று ரகங்களுக்கு வருவோம்.

வெட்டும் மருந்துதான் சுலபம். உருண்டைகளைக் கோத்த டிஎன்ஏ நூலை மருந்து வெட்டினால் உருண்டைகள் சிதறும். நீலம் சிவப்பாகத் திரும்பும். எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதே மருந்தின் வேகத்துக்கு அளவுகோல். பூமாலையில் நாரை அறுத்தால் பூக்கள் உதிர்வது மாதிரி என்றேன் அத்தையிடம். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

சொருகும் மருந்து நூலை அறுக்காது. மாறாக, படிகளுக்கு நடுவில் ஆப்பு அடித்தது போல இரண்டு இழைகளையும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் நிறம் மாறத் தேவையான சூடு கூடும். மருந்து இல்லாத குழாய் சிவந்த பிறகும் மருந்து போட்ட குழாய் நீலமாகவே நிற்கும். மிர்கின் குழுவே 2006-ல் இந்த வழியில் டிஎன்ஏவைப் பிடிக்கும் மூலக்கூறுகளைச் சலித்தெடுக்கலாம் என்று காட்டியது. புதுப் புற்றுமருந்து தேடுபவர்களுக்கு இது பெரிய வசதி. நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைச் சோதனைத் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டு, சூடேற்றி, எந்தக் குழி கடைசிவரை நீலமாக நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

கட்டிப்போடும் சிஸ்பிளாட்டின் இதற்கு நேர் எதிர். அது வளைத்த இடத்தில் இரண்டு இழைகளும் சரியாகப் பொருந்தாது. பல் உடைந்த ஜிப் போல அந்த இடம் தளர்ந்திருக்கும். குறைந்த சூட்டிலேயே கழன்றுவிடும். ஒரே தெர்மாமீட்டரில் ஒரு மருந்து மேலே தள்ளுகிறது, இன்னொன்று கீழே இழுக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நிறத்தை நம்பாத வழிகளும் உண்டு. டிஎன்ஏவின் நான்கு காரங்களில் குவானின்தான் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். மின்முனையில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் தனக்கென ஒரு மின்சைகை தரும். மருந்து குவானினைக் கெடுத்தாலோ மறைத்தாலோ சைகை குறையும். இங்கே தங்கத்தின் வேலை வேறு, இடம் கொடுப்பது. ஒரு பவுனை, அதாவது 8 கிராமை, 13 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் 3,600 கோடி கோடி உருண்டைகள் வரும். அத்தனையின் மேற்பரப்பையும் விரித்தால் சுமார் 2,000 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சென்னையில் ஒரு பவுன் விலைக்கு அவ்வளவு இடம் வேறு எங்கும் கிடைக்காது. மின்முனையில் தங்கத் துகள்களைப் பூசினால் அவ்வளவு கூடுதல் டிஎன்ஏவை நட இடம் கிடைக்கிறது, சைகையும் வலுக்கிறது.

இன்னொன்று ராமன் நிறமாலை. மெரினா எதிரே மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்ட விளைவு. மூலக்கூறு ஒவ்வொன்றும் தன் கைரேகையோடு ஒளியைச் சிதறடிக்கும், ஆனால் மிக மங்கலாக. தங்கம், வெள்ளி போன்றவற்றின் கரடுமுரடான பரப்பில் ஒட்டியிருந்தால் அந்தச் சிதறல் லட்சக்கணக்கான மடங்கு பெருகும் என்று 1970-களில் தெரிந்தது. காரத்தில் மருந்து ஒட்டியிருந்தால் கைரேகை மாறும். இங்கேயும் தூரம்தான் ராஜா: தங்கத்திலிருந்து சில நானோமீட்டர் தள்ளிப்போனாலே பெருக்கம் காணாமல் போய்விடும்.

இனி சங்கடங்கள். முதல் சங்கடம் அத்தையின் ரஸ்னாவே. டாக்சோரூபிசின் தானே சிவப்பு. சிவப்பா நீலமா என்று கண்ணால் பார்க்கும் சோதனையில் சிவப்பு மருந்தைக் கொட்டினால் என்ன ஆகும்? மருந்து மட்டும் கலந்த குழாய் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, நிறமாலைமானியில் அதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

சிஸ்பிளாட்டினில் சிக்கல் உப்பு. அந்த மருந்தில் இரண்டு குளோரைடுகள் பூட்டு மாதிரி இருக்கின்றன. ரத்தத்தில் குளோரைடு அதிகம், பூட்டு திறக்காது. செல்லுக்குள் குறைவு, அங்கே குளோரைடு கழன்று நீர் மூலக்கூறு உட்காரும், அதன் பிறகே மருந்துக்கு டிஎன்ஏவைப் பிடிக்கத் தெம்பு வரும். ஆக, சோதனைக் குழாயில் முதலிலேயே உப்பைப் போட்டுவிட்டால் மருந்து வேலையே செய்யாது. 'மருந்தால் சேதம் இல்லை' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். முதலில் உப்பு இல்லாமல் மருந்தையும் டிஎன்ஏவையும் பல மணி நேரம் ஊறவிட வேண்டும். அப்புறம்தான் தங்கமும் உப்பும். டிஎன்ஏ போடாமல், மருந்தும் தங்கமும் மட்டும் கலந்த குழாய் ஒன்றும் கட்டாயம். குளோரைடு கழன்ற சிஸ்பிளாட்டினுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. அதுவே தங்கத்தைத் திரிய வைத்தால் பழி டிஎன்ஏ மேல் விழும்.

மூன்றாவதுதான் பெரியது. குழாயில் இருப்பது அம்மண டிஎன்ஏ. உடம்பில் அது புரதங்களில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது, பழுதுபார்க்கும் நொதிகள் இரவு பகலாக ரோந்து வருகின்றன. சில மருந்துகளுக்கு உடம்பே வேண்டும். டாக்சோரூபிசினோடு சேர்த்து அத்தைக்குக் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு கல்லீரலுக்குப் போய்த்தான் வீரியம் பெறும். நேராகக் குழாயில் டிஎன்ஏவோடு கலந்தால் சும்மா கிடக்கும். டாக்சோரூபிசின்கூட உயிருள்ள செல்லில் பெரிய உடைப்புகளை உண்டாக்குவது டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்தும் டோப்போஐசோமரேஸ் என்ற நொதியை மாட்டவைத்துத்தான். அந்த நொதி இல்லாத குழாயில் சொருகல் மட்டும் தெரியும், உடைப்பு தெரியாது. சரி, நோயாளியின் ரத்தத்தையே எடுத்துச் சோதிக்கலாமே என்றால், ரத்தத்தின் புரதங்கள் தங்கத்தைக் கண்டவுடன் போய் மொய்த்துக்கொள்ளும். அதன் பிறகு தங்கம் பக்கத்தில் யார் என்று சொல்லும் திறனை இழந்துவிடும். முதலில் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது 'கண்ணால் பார்த்தால் போதும்' என்ற வசதியில் பாதி போய்விடுகிறது.

அதனால்தான் இந்தச் சோதனைகள் இன்று புது மருந்துகளைச் சலிப்பதற்கும், மருந்து எப்படி டிஎன்ஏவைத் தொடுகிறது என்று ஆராய்வதற்கும் உதவும் கருவியாக இருக்கின்றன. வார்டில் படுத்திருப்பவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல இன்னமும் ஸ்கேன்தான். அத்தையிடம் இதை மறைக்கவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் மருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு கணக்குக்குப் போனார். "ஒரு குழாய்க்கு எவ்வளவு தங்கம்டா போடுவீங்க?" ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் என்றேன். ஒரு பவுன் இருந்தால் ஒரு மில்லிலிட்டர் குழாய் 40,000 நிரப்பலாம். "சேதாரம்?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது, ஆனால் கேள்வி நியாயமானது. குடுவைச் சுவரில் ஒட்டுவது, ராஜதிராவகத்தில் கழுவும்போது கரைந்து போவது, திரிந்துபோனதை ஊற்றுவது எல்லாம் ஒரு கழிவுப் புட்டியில் சேரும். என் புட்டியில் போர்வெல் தண்ணீர்க் கரைசலே முக்கால்வாசி. ஆசாரிப் பட்டறையின் வாசல் மண்ணைக்கூட விலைக்கு வாங்கிப் போகிற ஆட்களைப் பார்த்து வளர்ந்தவர் அத்தை. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "அந்தப் புட்டியை யாரு எடுத்துட்டுப் போறாங்க?"